தெரியலை

மார்ச் 4, செவ்வாய்

மேகம் எட்டில் மூன்று. காற்று இல்லை.

வேலைக்குப் போகாமல் இது இரண்டாவது வருஷம். இன்னும் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வானத்தை எட்டுப் பங்காக வைத்து, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் விடவில்லை. வானிலை நிலையத்தில் அப்படித்தான் எழுதுவோம். அங்கே மலை உச்சியில் நின்றால் தலைக்கு மேல் முழு வானம். இங்கே எதிர்வீட்டு மொட்டைமாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கைக்குட்டை அகலம். அதைப் போய் எட்டாகப் பிரிக்கிறேன். யாராவது பார்த்தால் கழன்றுவிட்டது என்பார்கள்.

இன்றும் அட்டைப் பயிற்சி. ஓர் அட்டைக்கு ஓர் எழுத்து. கறுப்பு மார்க்கரில் பட்டை பட்டையாக ட, ப, ம, அ. சுவற்றில் ஒட்டிவிட்டு, என் வீட்டுக்காரரை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"தலையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. இப்ப?"

"தெரியலை."

"கோடு மாதிரி ஏதாவது? புள்ளி புள்ளியா வெள்ளையா?"

"தெரியலைன்னா விடேன்."

விட்டேன். முப்பது வருஷம் பதிப்பகத்தில் புரூஃப் பார்த்த மனுஷர். அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கல்யாண வீட்டில் செருப்புத் தொலைந்த மாதிரி தவிப்பார். அவருக்குப் போய் கண்ணின் நடுப்பார்வை மட்டும் அழிந்துபோனது. ஓரத்தில் மங்கலாக ஏதோ இருக்கிறது. கதவு எங்கே, மேசை எங்கே என்று தெரிந்து நடப்பார். எழுத்து கிடையாது. முகம் கிடையாது. எனக்கு அவர்மேல் கோபம் வரக்கூடாது. வருகிறது.


மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. கண்ணாடியைச் சரிபார்க்கிற பொறியாளர்த் தம்பிக்கு நான் வைத்த பெயர் டார்ச். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச் செருகியிருக்கும். நல்ல பிள்ளை. நான் எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்கிற மாதிரியே விளக்குவார்.

இன்றும் கேட்டேன். "விழித்திரைக்கு அடியில வச்சிருக்கோமே, அந்த சிப், எள்ளளவுதான் மேடம். அதுக்கு வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. கண்ணாடியிலேர்ந்து போற ஒளிதான் அதுக்குச் சாப்பாடு. அந்த ஒளியிலயேதான் படமும் போகுது. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளி. நேரா சிப் மேல விழுந்தா அதுக்கு உசிரு வரும், நரம்பைத் தட்டி எழுப்பும். ஒரு இம்மி தள்ளி விழுந்தாலும் பட்டினி." சாப்பாடு வந்து சேர்ந்ததும் சிப் பதிலுக்கு ஒரு சின்ன மினுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புமாம். அதைப் பிடிக்கக் கண்ணாடியில் ஒரு கண் இருக்கிறது.

அப்படியானால் சாப்பாடு போய்ச் சேருகிறதா என்று கேட்டேன். டார்ச் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், காதைச் சொறிந்தார்.

"அதான் எனக்கும் புரியலை. சிப் ஆமாங்குது. சார்தான் இல்லைங்கறார்."

டாக்டரம்மா உள்ளே வந்தார். சிலருடைய மூளை இதைக் கற்றுக்கொள்ள மறுத்துவிடுமாம். "மே மாசம் கடைசியா ஒரு பரிசோதனை வைப்போம். பலன் இல்லைன்னா கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்குவோம். காத்துக்கிட்டிருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க." சிப்பை எடுக்க மாட்டார்கள். அது உள்ளேயே இருட்டில் கிடக்கும்.

அவர் தலையை ஆட்டினார். பஸ் வராது என்று யாரோ சொன்ன மாதிரி. எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போல இருந்தது.


மார்ச் 11

மேகம் எட்டில் ஆறு.

நிலைய அதிகாரி போன் செய்தார். சம்பளமில்லா விடுப்பை இனி நீட்டிக்க முடியாது. ஏப்ரல் முடிவதற்குள் மலைக்கு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். "உங்களை மாதிரி மேகம் பாக்க ஆள் இல்லைம்மா, ஆனா என் கையிலயும் ஒண்ணும் இல்லை" என்றார். மனசாரச் சொல்கிறார், தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். "எனக்கு எழுத்து மட்டும் தெரியட்டும். மருந்துச் சீட்டைப் படிச்சுக்குவேன், அடுப்பு நம்பரைப் பாத்துக்குவேன், பேப்பர் படிச்சுக்குவேன். நீ உன் மலைக்குப் போ." நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அதை நம்பித்தான் இந்த அட்டை, மார்க்கர், கூத்து எல்லாம்.


மார்ச் 15, சனி

டார்ச்சோடு சண்டை. கண்ணாடிக்கு ஒளி கொடுக்கிற கரண்ட் எல்லாம் சட்டைப் பையில் வைக்கிற அந்தச் சின்னப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. எழுத்தைப் பெரிதாக்குகிற பொத்தானும் அதில்தான். தினமும் சாயங்காலம் சார்ஜ் போடுகிறேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. பயிற்சி நேரம் போக அவர் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. பிறகு எப்படித் தீரும்?

"பழைய பேட்டரியைத் தலையில கட்டிட்டீங்க. அதான் அவருக்கு ஒண்ணும் தெரியலை" என்று போனில் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பாவம், மறுபேச்சுப் பேசாமல் கேட்டார். புதுப் பேட்டரி அனுப்புகிறேன் என்றார்.

இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "விடு, அந்தப் பையன் என்ன பண்ணுவான்" என்றார். என்ன ஒரு பெருந்தன்மை.


மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வந்ததும் தம்பியின் தாடையைத் தடவி, "இளைச்சுட்டியேடா" என்றார். இவர் எடை கூடியிருக்கிறார். நான்தான் இளைத்திருக்கிறேன்.

மலை விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. "கண்ணு தெரியாத புருஷனை விட்டுட்டு மலை மேல போய் உக்காந்து மேகத்தை எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகுது? நீ எண்ணலைன்னா மழை வராதா?"

"வரும் அண்ணி. எப்ப வரும்னுதான் யாருக்கும் தெரியாது."

அவருக்கு அது எகத்தாளமாகப் பட்டுவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார். இவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லக்கூடாதா? 'நான்தான் போகச் சொன்னேன் அக்கா' என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.


மார்ச் 19

புதுப் பேட்டரி வந்தது. அதுவும் சாயங்காலம் செத்துவிட்டது. எல்லாம் ஒரே குப்பை.


மார்ச் 22, சனி

தினமும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்ட வேண்டும். விளம்பரத்தையும் விடக்கூடாது. ழகரம் பிசகினால் நிறுத்திவிடுவார். "மறுபடி சொல்லு." மறுபடி சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்குள்ளேயே எனக்கு வாத்தியார்.

இன்று வானிலைப் பத்தியில் எங்கள் நிலையத்தின் பெயர் இருந்தது. என் இடத்தில் வேறு யாரோ அளந்த மழை. படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. குரலை ஆடவிடாமல் படிக்கப் பழகிவிட்டேன். வாய் பாட்டுக்குப் படிக்கும், கண் பாட்டுக்குக் கொட்டும், புறங்கையால் துடைத்துக்கொண்டே அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். இந்த வீட்டில் ஒரே சௌகரியம் அதுதான். எதிரே உட்கார்ந்து அழலாம், அவருக்குத் தெரியாது.


மார்ச் 30

ட, ப, ம, அ. தெரியலை, தெரியலை, தெரியலை, தெரியலை.


ஏப்ரல் 9, புதன்

போன் செய்து சொல்லிவிட்டேன். வர முடியாது, என் இடத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று. அதிகாரி இரண்டு தடவை "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன். இருபத்தாறு வருஷ வேலை, ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

கூடத்தில், அவர் முன்னாடியே நின்றுதான் பேசினேன். ஒளிக்க என்ன இருக்கிறது? போனை வைத்தேன். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஒரு டீ போடேன்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார்.


ஏப்ரல் 10

வானம் பார்க்கவில்லை.


ஏப்ரல் 16, புதன்

டார்ச்சின் புது யோசனை. "தனி எழுத்து வேண்டாம் மேடம். முழு வாக்கியமா எழுதிக் காட்டுங்க. காலம் பூரா வாக்கியத்துலயே வாழ்ந்தவர், மூளை பழக்கத்துல பிடிச்சுக்கும்." எனக்கு நம்பிக்கை போய் எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனாலும் மே பரிசோதனை வரைக்கும் முயற்சி செய்யாமல் விட்டேன் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. நீள அட்டைகள் வாங்கி வந்து எழுதினேன். கண்ணாடியை மாட்டினேன், பெட்டியைக் கையில் கொடுத்தேன், வரிசையாகக் காட்டினேன். "மழை நின்றுவிட்டது." தெரியலை. "கதவு திறந்திருக்கிறது." தெரியலை. "பூனை சுவற்றில் உட்கார்ந்திருக்கிறது."

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்குகிற சத்தம். அட்டையை அவர் முன்னால் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினேன். அடுப்பெல்லாம் பால். துடைத்துக்கொண்டு இருக்கும்போதே கூடத்திலிருந்து எரிச்சலாக ஒரு குரல்.

"சுவற்றில் இல்லை, சுவரில்! எத்தனை தடவை சொல்றது? அது சுவர்தானே, சுவறு இல்லையே?"

"சரி சரி. பெரிய வாத்தியார்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். என் கைக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. ஊரே சுவற்றில் என்றுதான் எழுதுகிறது, என்னை மட்டும் பிடித்துக்கொள்வார். வேலை போய், பாலும் போய், இலக்கணமும் கேட்க வேண்டியிருக்கிறது.


ஏப்ரல் 17, வியாழன்

காலையில் அந்த அட்டையைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்ன மாதிரியே போட்டுவிடுவோம் என்று. பூனை, சு, வ—

கை நின்றுவிட்டது.

நான் அதை வாய்விட்டுப் படிக்கவே இல்லையே.

அட்டையைக் காட்டினேன். வைத்தேன். பாலுக்கு ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூனை என்று கூடச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான் கடைக்குப் போன நேரங்களில் தீர்ந்துபோன பேட்டரி. சிப் ஆமாங்குது. அந்தப் பிள்ளையை நான் திட்டின திட்டு. 'விடு, அந்தப் பையன் என்ன பண்ணுவான்.'

ஒரு தடவை பார்த்ததை வைத்து எழுதக்கூடாது, இரண்டாம் தடவை பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. புது அட்டை எடுத்தேன். என்னால் முடிந்த அளவு கேவலமாக எழுதினேன்: "வாளைப்பலத் தோளில் கருப்பு புல்லி." எடுத்துப்போய், கண்ணாடியை மாட்டிவிட்டு, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"என்ன தெரியுது?"

தாடை இறுகியது. பொத்தானை அமுக்கினார், ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக்கியிருப்பார். கழுத்து நரம்பு புடைத்தது.

"தெரியலை" என்றார்.

ஆனால் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, இல்லாத ஒரு பேனாவைப் பிடித்திருந்தன.

அட்டையைக் கீழே போட்டேன். "எப்பத்திலேர்ந்து?" என்றேன். கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "பிப்ரவரி கடைசியிலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமா" என்றார்.

"பகல்ல நான் வெளிய போனா?"

"படிப்பேன். நான் புரூஃப் பாத்த புத்தகங்களை. ஒரு பக்கத்துக்கே ரொம்ப நேரம் ஆகும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த மனுஷனால் முடியாது. "ஒண்ணுல ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு" என்றார்.

ஒற்று விட்டுப்போயிருக்காம்! என் வேலை போயிருக்கு!

"நான் வேலையை விட்டப்ப நீ எதிர்லதானே உக்காந்திருந்தே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு நான் மலையில இருப்பேன். டீ கேட்டே. டீ கேட்டேடா பாவி!"

நீ என்று சொல்லிவிட்டேன். டா போட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் கனவில்கூட வராத வார்த்தை. திருத்துவார் என்று பார்த்தேன். திருத்தவில்லை.

"தெரியுதுன்னு சொன்னா நீ போயிடுவே" என்றார்.

"நீதானே போகச் சொன்னே? கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியே?"

"அப்ப தெரியாது, இது வேலை செய்யும்னு."

அதாவது ஆபரேஷன் பலிக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு. சிரிப்பு வந்தது. கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்களே, உள்ளே இருப்பது காலம் பூரா இருட்டில் கிடந்திருக்குமே, பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்று நினைத்தாராம். ஒன்று நான், ஒன்று எழுத்து, இரண்டில் ஒன்றுதான் என்றால் எழுத்து போகட்டும் என்று நினைத்தாராம். இதைக் கேட்டு நான் உருக வேண்டும் போல.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து கேட்டேன். "நான் பேப்பர் படிக்கிறப்ப அழுவேனே. அதுவும் தெரிஞ்சுதா?"

"முகம் தெரியாது" என்றார். "நடுவுல ஒண்ணும் இல்லை, ஓரத்துலதான் மங்கலா. கை கண்ணைத் துடைக்கிறது தெரியும்."

பார்த்துக்கொண்டே 'மறுபடி சொல்லு' என்றிருக்கிறார். ழகரம் சரியில்லையாம்.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். "மலைக்குப் போயிருந்தா, திரும்பி வந்திருப்பியா?"

வாயைத் திறந்தேன். "தெரியலை" என்றுதான் வந்தது. நிஜமாகவே தெரியலை. அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம்.


ஏப்ரல் 20, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எனக்கு வாய் கிடையாது. அட்டை மட்டும்.

"முட்டை மேசையில் இருக்கிறது." "பேப்பரை நீங்களே படியுங்கள்." "உங்கள் அக்கா சாயங்காலம் வருவார்." எழுதி, சுவரில் அவர் நாற்காலிக்கு எதிரே ஒட்டிவிட்டுப் போய்விடுவேன். படித்தால் சோறு. படிக்காவிட்டால் அவர் பாடு.

சுவரில். ஆமாம், எழுதிவிட்டேன். இனிமேல் மறக்காது.


ஏப்ரல் 26

முதலில் கெஞ்சிப் பார்த்தார். பிறகு கோபித்துப் பார்த்தார். பேசுகிற ஒவ்வொரு தடவையும் நான் அட்டையைக் காட்டினேன். இன்று வேறு வழியில்லாமல் மருந்துப் பட்டையைத் தானே படித்து, தானே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கே அரைக் காலை ஆனது. தலையை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, ஒளி விழுகிற இடத்தைத் தேடி, நெற்றியெல்லாம் வியர்வை. போய்ப் படித்துக் காட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. போகவில்லை.

முடித்துவிட்டு என் அட்டையைப் பார்த்து, "அங்க ஒற்று மிகும்" என்றார்.

இன்னொரு அட்டை எழுதி ஒட்டினேன்: "மிகாது."

இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்திருக்கும், பழைய நாளாக இருந்தால்.


மே 7, புதன்

பரிசோதனை. ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டார். வழக்கம்போல மெதுவாகத்தான், ஆனால் ஒரு தப்பு இல்லை. டாக்டரம்மா கை தட்டினார். நர்ஸ்களைக் கூப்பிட்டார். யாரோ போட்டோ எடுத்தார்கள். இவர் நடுவில், நான் பக்கத்தில்.

"எல்லாம் உங்க பொறுமைதாம்மா. எப்படிச் சாதிச்சீங்க?"

"பேசறதை நிறுத்தினேன்" என்றேன்.

நல்ல நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. டார்ச்சும் சிரிக்கவில்லை. வெளியே வந்து, மாற்றி அனுப்பின பழைய பேட்டரியை என்னிடம் காட்டி, "இது நல்ல பேட்டரிதான் மேடம். அன்னைக்கே தெரியும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, என் வீட்டு மனுஷன் செய்ததற்கு ஊரான் பிள்ளையிடம் மன்னிப்பு. அவர் கூச்சப்பட்டு டார்ச்சை எடுத்து அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அவருக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.


மே 19, திங்கள்

நிலைய அதிகாரிக்குப் போன் செய்தேன். என் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது, அவர்கள் வந்து சேர்ந்தும் ஆகிவிட்டது. தெரிந்ததுதான். என் மழைமானி, என் கொடிக்கம்பம், படியில் நான் வைத்த ரோஜாத் தொட்டி, எல்லாம் இனி இன்னொருத்தியுடையது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. தனி ஆள். தகரக் கூரை. உதவிப் பார்வையாளர் பதவி, என் பழைய பதவிக்கு இரண்டு படி கீழே. யாரும் போகாததால் காலியாகவே கிடக்கிறது. "உங்க அனுபவத்துக்கு அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அட்டை எழுதினேன்: "ஜூன் நடுவில் வேலைக்குப் போகிறேன்." படித்தார், ராத்திரி வரை ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. பிழை ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.


மே 25, ஞாயிறு

நாத்தனார் வந்து குதித்தார். "இப்பத்தான் அவனுக்கு ஒரு வெளிச்சம் கிடைச்சிருக்கு, அதுக்குள்ள நீ கிளம்பறியா?" நெஞ்சிலே ஈரம் இல்லாதவள், மேகம்தான் எனக்குப் புருஷன் — எல்லாம் வந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாய் இல்லையே எனக்கு.

இவர்தான் பேசினார். "போகட்டும்க்கா. எனக்குத் தெரியுது."

"தெரியுதா! என் முகம் தெரியுதாடா?" என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னது கண்ணுக்குத் தெரிகிற 'தெரியுது' இல்லை. எனக்குப் புரிந்தது. இதை மார்ச் பதினாறாம் தேதி சொல்லியிருக்க வேண்டும், அதே நாற்காலி, அதே அக்கா.


ஜூன் 12

பெட்டி கட்டியாகிவிட்டது. கம்பளி இரண்டு. மழை பூட்ஸ். அடுப்புக் குமிழ்களில் பெரிய எண்களை ஒட்டினேன். டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதினேன். சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போக எனக்கு வரவில்லை, அது என் கோளாறு.


ஜூன் 15, ஞாயிறு

மேகம் எட்டில் எட்டு. தெற்கிலிருந்து காற்று. புது நிலையத்தில் முதல் பதிவு.

தகரக் கூரை ஒழுகுகிறது. படுக்கையை இரண்டு தடவை இழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் நாலு பக்கமும் வானம்தான், ஒரு தொட்டியோ மாடியோ குறுக்கே இல்லை. பழைய உச்சி அங்கே எதிரே தெரிகிறது. மூடுபனி விலகும்போது என் பழைய கொடிக்கம்பம் கூடத் தெரிகிறது. அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று இனிமேல்தான் பழக வேண்டும்.

நேற்றுக் காலை நடந்ததை எழுதிவிடுகிறேன். பெட்டியோடு கூடத்துக்கு வந்தேன். அவர் நாற்காலியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே என் அட்டைகள் ஒட்டியிருந்த இடத்தில் ஒரே ஓர் அட்டை. ஆணியில் என் வீட்டுச் சாவி தொங்கியது. அட்டையில் அவர் கையெழுத்து, கோணல் மாணலாக, ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு அளவில். கண் போனதிலிருந்து அவர் ஒரு வரி எழுதினதில்லை.

"உன் சாவி சுவற்றில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ."

சுவற்றில்.

அந்தக் கையிலிருந்து அந்தப் பிழை ஒரு நாளும் வராது. தூக்கத்தில் எழுப்பி எழுதச் சொன்னாலும் வராது. தெரிந்தே எழுதியிருக்கிறார், நான் எழுதுகிற மாதிரி. மன்னிப்புக் கேட்க அந்த மனுஷனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் போல. சாவியை எடுத்துக்கொள், திரும்பி வா என்று.

கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்க வேண்டிய நாளில் சொல்லாமல், இப்போது ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்கிறார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். அவர் பார்க்கிற மாதிரி ஒதுங்கி நின்று, 'ற்றி'யை அடித்தேன். மேலே 'ரி' போட்டேன். ஓரத்தில், புரூஃபில் அவர் போடுவது போலவே ஒரு சின்னக் கோடும் போட்டேன். அவர் தலை மெல்லத் திரும்பி, ஒளி அந்த இடத்தில் விழும்வரை தேடி, நின்றது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மத்தியானப் பதிவு: மேகம் எட்டில் ஏழு. மழை வரும்.

சாவி சுவரில்தான் இருக்கும்.